வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு நாள்

மக்கா,

இன்று செவ்வாய்க்கிழமை. மூன்றாவது பீரியடில் லிபின் எழுந்து நின்று என்னைக் கேட்டான்: "டீச்சர், நீங்க பொய் சொல்லுதியளா?"

ஒன்றாம் வகுப்பு. ஆறு வயது. முன்பல் இரண்டு இல்லை. அவன் கோபமாகக் கேட்கவில்லை. வெள்ளம் குடிக்கப் போகட்டுமா என்று கேட்கிற அதே குரல். தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு காரியம், அவ்வளவுதான். மற்ற பதினாறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வகுப்பின் மூலையில் ஓலைக் கடவப்பெட்டிக்குள் அடை உட்கார்ந்திருந்த கோழியும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது.

நீ போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். கூடலூர்ப் பள்ளியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது, இரண்டு வாரம் கழித்து இரண்டாம் வகுப்புக்குச் செடிகளும் உயிர்களும் பிறந்து வளர்ந்து பெருகுகிற பாடத்தை நடத்த வேண்டும், "எப்படிம்மா தொடங்க?" என்றாய். எஞ்சினியரிங் முடித்துவிட்டு, அதை வேண்டாமென்று ஆசிரியர் பயிற்சிக்குப் போனவன் நீ. "பிள்ளையளுக்கு மூக்குத் தொடைக்கவா இவ்வளவு படிச்சான்?" என்று உன் மாமா இப்போதும் பார்க்கிற இடமெல்லாம் கேட்கிறார். அப்படிப்பட்ட நீ, உன் முதல் பெரிய பாடத்துக்கு என்னிடம் யோசனை கேட்டாய். நான் என்ன சொன்னேன்? சார்ட் போடு, அவரை விதையை ஈரத் துணியில் முளைக்க வை. அவ்வளவு. போனில் நான் சுருக்கமாகப் பேசுகிறவள். சுருக்கமாகப் பேசும்போது எனக்குப் பொய் எளிதாக வரும். அதனால்தான் எழுதுகிறேன். நாலைந்து நாள் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக. நீ இதை உன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கும் படித்துக் காட்டலாம். ஒளித்து வைக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது.

கோழி எப்படி வகுப்புக்குள் வந்தது என்று முதலில் சொல்கிறேன். மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து, வயலெல்லாம் வெறும் தாளாகக் கிடந்தபோது வழக்கம்போல் வாத்துக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் உள்ள வயலில் நாலு நாள் மேய்த்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று என் வகுப்பு அபிஷா தன் டிபன் டப்பாவில் இருந்த இட்லியை வழியிலேயே தின்று தீர்த்துவிட்டு, அதில் மூன்று முட்டைகளை வைத்துக்கொண்டு வந்தாள். சேறு அப்பியவை. லேசாகப் பச்சை ஓடியவை. கோழி முட்டையைவிடப் பெரியவை.

"எங்க எடுத்தியோ அங்கயே கொண்டு வச்சிட்டு வா" என்றேன்.

"அங்க ஆரும் இல்ல டீச்சர். எல்லாரும் லாரியில போயாச்சு."

டப்பாவை வாங்கிப் பார்த்தேன்.

"இதுக்குள்ள குஞ்சு இருக்கா டீச்சர்?"

"தெரியாது."

"எப்பம் தெரியும்?"

சத்துணவு சமைக்கிற தங்கம் அக்கா கறிக்கு வெண்டைக்காய் அரிந்த கத்தியோடு வாசலில் நின்றாள். அவள் பள்ளிக்குப் பின்னாலேயே குடியிருப்பவள். வகுப்புகளில் நடப்பது எல்லாம் தனக்கும் சேர்த்து நடப்பதாக நினைப்பவள். "எனக்க கோழி ஒண்ணு வெறுந்தரையில அடை கெடக்கு டீச்சரே. கல்ல வச்சாலும் பொரிச்சிருவேன்னு இருக்கா. கொண்டாரட்டா?"

பதினேழு பிள்ளைகளும் ஒரே சத்தமாக ஆமாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றிருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக நான் எந்த வகுப்பிலும் முட்டை வைத்ததில்லை. புழு வளர்த்திருக்கிறேன், அது கூடு கட்டிப் பட்டாம்பூச்சியாகிப் போயிருக்கிறது. தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதைப் பாட்டிலில் காட்டியிருக்கிறேன். முட்டை மட்டும் கிடையாது. ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அதை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். இன்று தைரியம் இல்லை.

கோழியை வைத்த நாளிலிருந்து பிள்ளைகள் தினமும் காலையில் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார்கள்; சனி, ஞாயிறுக் கோடுகளைத் திங்கட்கிழமை சேர்த்துப் போட்டார்கள். எத்தனை கோடு வரை என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இன்று இருபத்தோராவது கோடு. லிபின் பள்ளி திறப்பதற்கு முன்பே வந்து கடவத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் வரை பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. "இன்னும் ஒரு வாரம் ஆகும், இருபத்தெட்டு நாள்" என்றேன். அப்போதுதான் எழுந்து நின்றான்.

"அன்னைக்குப் படம் காட்டுனப்பம் இருவத்தொண்ணுன்னு சொன்னிய. எங்க அப்பாவும் இருவத்தொண்ணுன்னுதான் சொன்னாவ. இன்னைக்கு இருவத்தெட்டுங்கிய. டீச்சர், நீங்க பொய் சொல்லுதியளா?"

"இல்ல லிபின். கோழி முட்டைக்கு இருபத்தொண்ணு. இது வாத்து முட்டை. மேலே உக்காந்திருக்கது யாருங்கிறது கணக்கில்ல. உள்ளே இருக்கது யாருங்கிறதுதான் கணக்கு."

அவன் யோசித்தான். கோழியைப் பார்த்தான். "அப்பம் அவளுக்குத் தெரியுமா, இது வாத்துன்னு?"

"தெரியாது."

"அவ கிட்டயும் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

*

வெள்ளிக்கிழமை.

இருபத்துநாலாம் நாள். இந்த நாளைத் தாண்டுவதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

காலையில் எச்.எம். டீச்சர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். கோழி அடை கிடக்கும்போது ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் எழுந்து போகும், போகிற இடத்தில் போடுவது நாறும். அதைத் தங்கம் அக்கா கூட்டித் தள்ளினாலும் வாசம் நிற்கும். "வகுப்பா இது, கோழிக்கூடா? அடுத்த வாரம் ஆபீஸர் பார்வைக்கு வாராரு டீச்சர். திங்கட்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆவலேன்னா இந்தச் சவத்த வெளிய எடுத்துரணும்."

திங்கட்கிழமை என்றால் இருபத்தேழு. ஒரு நாள் குறைவு. நான் வாய் திறக்கவில்லை. இருபது வருடம் வேலை பார்த்தும் தலைமையாசிரியர் முன்னால் எனக்கு வாய் திறப்பதில்லை. இது உனக்கு வேண்டாத குணம். என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாலும் இதை எடுத்துக்கொள்ளாதே.

அவர் போனதும் தங்கம் அக்கா வந்தாள். "உள்ள உசிரு இருக்கான்னு பாக்காம ஆரோட சண்டைக்கு நிப்பிய? இருங்க." ஒரு பேசினில் வெதுவெதுப்பான வெள்ளம் கொண்டு வந்தாள். கை வைத்தால் இதமாக இருக்கிற சூடு. முட்டையை அதில் மெதுவாக மிதக்க விட வேண்டும், பேசினை யாரும் தொடக்கூடாது, வெள்ளம் அசைவற்று நிற்க வேண்டும். உள்ளே உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடும். எனக்கு இது தெரியாது மக்கா. தாவரவியலில் எம்.எஸ்ஸி., முதல் வகுப்பு. எந்தப் புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை.

பதினேழு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். "மூச்சு விடாதீங்க பிள்ளையளே" என்றாள் தங்கம் அக்கா. உண்மையாகவே விடவில்லை. முதல் முட்டை மிதந்தது. நின்றது. பிறகு, யாரோ அடியில் இருந்து விரலால் தட்டியது போல, ஒரு சின்ன அசைவு. ஒரு வட்ட அலை ஓரம் வரை போனது. இன்னொரு அசைவு.

"ஆடுகு! டீச்சர், ஆடுகு!"

"ஏட்டி, கத்தாத! அது பயந்துரும்!"

இரண்டாவது முட்டை வெள்ளத்தில் பட்டதுமே ஆடியது. அவசரக்காரன் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றாவது மிதந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. லிபின் குனிந்து, மூக்கு வெள்ளத்தைத் தொடும் வரை பார்த்தான். "இது உறங்குகு" என்றான் ஒருவன். "இல்லடே, இது கூமுட்டை. தூர எறியணும்" என்றான் இன்னொருவன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்றையும் துடைத்துத் திரும்பவும் கோழிக்கு அடியில் வைத்தேன். "நமக்குத் தெரியாததை நாம தூர எறியண்டாம்" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரலைக் கேட்டேன். நன்றாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை.

நீ ஒன்றாம் வகுப்பில் என் பிள்ளையாகவும் என் மாணவனாகவும் இருந்த வருடம். அப்போது நாம் நெய்யூர்ப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா மஸ்கட்டில். வகுப்பில் நான் வரைந்த பெரிய சார்ட் ஒன்று தொங்கியது. முட்டை, குஞ்சு, கோழி, மறுபடியும் முட்டை. நடுவில் 21 என்று சிவப்பில் எழுதியிருந்தேன். சார்ட்டில் உள்ளதை வீட்டில் உனக்கு நேரில் காட்ட ஆசைப்பட்டேன். நம் கோழி அடை கிடந்தது. வைக்கக் கோழி முட்டை இல்லை, எல்லாம் ஆக்கித் தின்று தீர்த்திருந்தோம். வாத்து மேய்க்க வந்தவரிடம் ஐந்து முட்டை வாங்கினேன். முட்டை என்றால் முட்டைதானே என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். படித்தவள், கேட்கவில்லை.

இருபத்தொன்று போயிற்று. இருபத்துநாலாம் நாள் கோழி மெலிந்துபோய்க் கொண்டை வெளுத்திருந்தது. பக்கத்து வீட்டில் "கூமுட்டைல வச்சுக் கோழியக் கொல்லாத" என்றார்கள். காலையிலேயே கோழியைப் பிடித்து, அடை தெளிவதற்காக, வாளி வெள்ளத்தில் மூன்று தடவை முக்கி எடுத்தேன். முட்டைகளை வாழை மரத்து மூட்டுக்குக் கொண்டுபோனேன். நீ பின்னாலேயே வந்தாய். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்மா" என்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் முட்டையைக் கல்லில் தட்டினேன்.

உள்ளே என்ன இருந்தது என்று நீயும் பார்த்தாய். ஈரமான இறகு. மூடிய கண். பரந்த சின்ன மூக்கு. அது ஒரு தடவை திறந்து மூடியது.

நான் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.

"அம்மா, அது அசைஞ்சுது."

"கெட்டுப்போனதுடா."

"அசைஞ்சுதே."

"காத்துல அசைஞ்சிருக்கும்."

மற்ற நாலையும் ஓடிப்போய்த் திரும்பக் கூட்டில் வைத்தேன். கோழி உட்காரவில்லை. நான்தான் அதன் சூட்டை வெள்ளத்தில் முக்கி எடுத்துவிட்டேனே. துணியில் சுற்றினேன், அடுப்புப் பக்கம் வைத்தேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். இரண்டு நாளில் அவையும் போயின. திங்கட்கிழமை வகுப்பில் அதே சார்ட்டுக்குக் கீழே நின்று அதே வட்டத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினேன். நீ முன் பெஞ்சில் இருந்தாய்.

இரண்டாம் வகுப்பிலும் நான்தான் உனக்கு டீச்சர். பரீட்சையில் ஒரு கேள்வி: கோழி முட்டை பொரிக்க எத்தனை நாள்? எல்லோரும் 21 என்று எழுதினார்கள். நீ எழுதினாய்: கோழி 21. வாத்து 28. யாரிடம் கேட்டாய் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. யாரிடமோ கேட்டிருக்கிறாய். நான் கேட்காததை ஏழு வயதில் நீ போய்க் கேட்டிருக்கிறாய். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சிவப்புப் பேனாவால் உன் இரண்டாவது வரியை அடித்து, 'கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்' என்று எழுதினேன்.

தெரியாமல் முட்டையை உடைத்ததை நானே மன்னித்துக்கொண்டுவிட்டேன். தெரியாமல் செய்ததுதான். இந்தச் சிவப்பு வரியை மன்னித்துக்கொள்ள முடியவில்லை. அது தெரிந்து எழுதியது. உன் பதில் சரி. அன்றும் சரி. நான் உன்னிடம் பொய் சொன்னேன். இதை எழுதப் பதினெட்டு வருடம் ஆனது.

உனக்கு யோசனை சொல்லும் தகுதி இதற்குப் பிறகு எனக்கு இருந்தால், ஒன்று சொல்கிறேன். பாடத்துக்கு நீ எதையும் கொண்டுபோகாதே. அங்கே என்ன இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேள். நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம், விதையில் தொடங்கி விதையில் முடிகிற வட்டத்தைப் பலகையில் போட்டேன். எல்லாச் செடியும் விதையிலிருந்துதான் வரும் என்றேன். ஒரு பையன், "மரச்சீனிக்கு வெதை கெடையாது டீச்சர், கம்ப வெட்டி நட்டாப் போதும்" என்றான். இன்னொருத்தி, "வாழைக்கும் கெடையாது, கன்னு தான்" என்றாள். வாழைப்பழமும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் தின்று வளர்ந்த ஊரில் நின்றுகொண்டு, நான் அவர்களிடம் புத்தகத்தைப் பார் என்றேன். மரச்சீனியும் காய்க்கும், அதற்கும் விதை உண்டு, அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சொன்னதுதான் அவர்கள் கண்ட உண்மை. அதில் தொடங்கியிருந்தால் விதைக்கு நான் பிறகு போயிருக்கலாம். கூடலூரில் தேயிலைச் செடியைப் பூக்கவிடாமல் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள் என்று நீ சொன்னாய். அந்தப் பிள்ளைகளுக்குப் பூவும் காயுமாக வட்டம் போட்டுக் காட்டினால், அவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு உன்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு மதிப்புக் கொடு. "ஏன் நம்ம செடி பூக்கல?" என்று அவர்களே கேட்கும் வரை பொறு. பொறுப்பது இந்தப் பாடத்தில் பாதி.

பிள்ளைகள் சாவைத் தாங்கமாட்டார்கள் என்று உன்னிடம் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். நீ ஆறு வயதில் தாங்கினாய். தாங்க முடியாமல் போனது, அது காற்றில் அசைந்தது என்று நான் சொன்னதுதான்.

*

செவ்வாய்க்கிழமை. எழுத்து கோணலாக இருக்கும். சந்தோஷத்தில்.

நேற்று இருபத்தேழு. எச்.எம். சொன்னபடியே வந்தார். நான் வாசலை மறித்து நின்றேன். நிஜமாகவே மறித்தேன். "இன்னும் ஒரு நாள் வேணும் டீச்சர். நான் எண்ணியிருக்கேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அதற்குள் அபிஷா கோழிக்கு அடியில் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். கோழி கொத்திய ரத்தம் அவள் கையில். "காதுல வச்சுப் பாருங்க டீச்சர்."

எச்.எம். முட்டையைக் காதில் வைத்தார். ஐம்பத்தொன்பது வயது. அடுத்த வருடம் ஓய்வு. ஓட்டில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போல் விரிசல் விழுந்திருந்தது. உள்ளேயிருந்து கீச், கீச் என்று சத்தம். அவர் அந்த முட்டையை வெகுநேரம் காதிலிருந்து எடுக்கவில்லை. வகுப்பில் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இங்க காத்து அடிக்கு. கடவத்தை என் ரூமுக்கு மாத்துங்க."

இன்று காலை பிரேயர் பாதியில் நின்றுவிட்டது. அவர் அறையிலிருந்து தங்கம் அக்கா, "ஓடு பிளந்தாச்சு, பிள்ளையளே!" என்று கத்தினாள். மேஜையைச் சுற்றிப் பதினேழு தலைகள். முதல் குஞ்சு ஓட்டைச் சுற்றிக் கொத்திக் கொத்தி ஒரு வட்டம் போட்டது. கொஞ்சம் கொத்தும், நெடுநேரம் கிடக்கும். அபிஷாவால் தாங்க முடியவில்லை.

"ஒடச்சு விடட்டா டீச்சர்? கஷ்டப்படுகு."

"வேண்டாம்மா. அதுக்க வேலைய அது பாக்கட்டு."

சொல்லிவிட்டு நானும் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். எச்.எம்.மும்.

பத்தரை மணிக்கு ஓட்டின் மூடி கழன்றது. ஈரமாக, அசிங்கமாக, கழுத்தைத் தூக்க முடியாமல் ஒன்று வெளியே விழுந்தது. "அய்யே, நனஞ்ச எலி!" என்றான் லிபின். அதன் மூக்கைப் பார்த்ததும் கத்தினான்: "மூக்கு பரந்திருக்கு! இது கோழி இல்ல! டீச்சர் பொய் சொல்லல!"

"பின்ன, வாத்துக்கு வாத்து மூக்குதான் இருக்கும், ஒனக்க மூக்கா இருக்கும்?" என்றாள் தங்கம் அக்கா.

பன்னிரண்டு மணிக்கு அவசரக்காரனும் வந்துவிட்டான். மத்தியானம் இரண்டும் காய்ந்து, மஞ்சள் பஞ்சாக எழுந்து நின்றன. பிள்ளைகள் சுவரில் இருபத்தெட்டாவது கோட்டைப் போட்டார்கள். ஒரே கோட்டைப் பதினேழு பேரும் தனித்தனியாகப் போட்டதில் அது விரல் தடிமனாகிவிட்டது. நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன். வெளியே வந்தபோது தங்கம் அக்கா, "டீச்சருக்கு என்ன, கிறுக்கு பிடிச்சிட்டா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆபீஸர் வரவில்லை. இனி வந்தால் எச்.எம். அவரையும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வார்.

*

வியாழக்கிழமை.

கோழி இன்று காலை தானாகவே எழுந்து இரண்டு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டது. மூன்றாவது முட்டை கடவத்தில் தனியாகக் கிடந்தது. தொட்டேன். குளிர்ந்திருந்தது.

இரண்டு வழி இருந்தது. பிள்ளைகள் வருமுன் எடுத்துப் போட்டுவிடலாம். கேட்டால் வாத்துக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார் என்று சொல்லலாம். ஏழெட்டுச் சொல். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன, நான் எவ்வளவு பழகியவள் என்று பார். நான் மேஜையில் ஒரு பழைய தட்டை வைத்து, முட்டையை அதில் வைத்துக் காத்திருந்தேன்.

"இது பொரிக்கல" என்றேன், எல்லோரும் வந்ததும். "இனி பொரிக்காது."

"தொறந்து பாக்கலாமா டீச்சர்?" அபிஷாதான்.

முற்றத்தில், முருங்கை மூட்டில் வைத்துத் திறந்தேன். நாற்றம் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் குனிந்தார்கள். யாரும் பின்வாங்கவில்லை. உள்ளே சின்னதாக, முழுசாகாமல் ஒன்று இருந்தது. கண் இருந்த இடம் கறுப்பாக. இறகு வரவில்லை. "பாதி வழியில நின்னுட்டு" என்றான் ஒருவன். "ஏன் நின்னுட்டு?" என்றான் இன்னொருவன். எனக்குத் தெரியாது என்றேன். ஒருவேளை குளிர்ந்திருக்கலாம், ஒருவேளை தொடக்கத்திலேயே குறை இருந்திருக்கலாம். எனக்கு உண்மையிலேயே தெரியாது. அவர்களே குழி தோண்டி மூடினார்கள்.

வகுப்புக்குள் வந்து பலகையில் வட்டம் போட்டேன். முட்டை, குஞ்சு, வாத்து, முட்டை. லிபின் கையைத் தூக்கினான்.

"டீச்சர், மூணாவது முட்டைய எங்க வரைய?"

இருபது வருடம் அந்த வட்டத்தைப் போட்டிருக்கிறேன். அதில் அந்த முட்டைக்கு இடமே இருந்ததில்லை. "எனக்குத் தெரியல லிபின். நீ எங்க வரைவே?" என்று சாக்பீஸை அவன் கையில் கொடுத்தேன்.

அவன் வட்டத்துக்கு வெளியே, எட்டிய இடத்தில், ஒரு முட்டை வரைந்தான்.

"அம்பு போடுலே" என்றாள் அபிஷா.

"எங்க போறதுக்கு?"

"மண்ணுக்கு. நாமதானே பொதைச்சோம்."

அம்பு போட்டான். மண் வரைந்தான். "எறும்பு வந்து தின்னும்" என்றது ஒரு குரல். எறும்பு வந்தது. "எறும்பக் கோழி தின்னும்." கோழி வந்தது. அம்பு தானாக வளைந்து வட்டத்துப் பக்கமே திரும்பிவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை மக்கா, ஜன்னலில் சாய்ந்து நின்றேன்.

"கோழிய ஆரு திங்கா?"

பதினேழு பேரும் திரும்பி வாசலில் நின்ற தங்கம் அக்காவைப் பார்த்தார்கள்.

"எம்மோ! நான் இல்லப்பா! எனக்க பிள்ள மாதிரியாக்கும் அவ!"

அவளையும் வரைந்தார்கள், கையில் கத்தியோடு. ஒவ்வொருவரும் எழுந்து வந்து தன் வீட்டில் இறந்துபோன ஆட்டையும், குலை வெட்டிய பிறகு சாய்த்த வாழையையும், அதன் பக்கத்தில் நின்ற கன்றையும் வரைந்தார்கள். பலகையில் இடம் தீர்ந்தது. அம்புகள் சுவருக்குப் போயின. லிபின் மட்டும் தன் முட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், அது எறும்புக்குப் போச்சு. சரி. ஆனா அது வாத்து ஆவலேல்லா?"

"ஆவல."

"செத்துப் போச்சு."

"ஆமா லிபின். செத்துப் போச்சு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அதில் என்ன தேடினானோ, அது இருந்தது போலிருக்கிறது. "சரி டீச்சர்" என்றான். கையிலிருந்த சாக்பீஸ் தூளை நிக்கரில் துடைத்தான்.

அப்போதுதான் வராந்தாவிலிருந்து தங்கம் அக்காவின் குரல் கேட்டது. தட்டுக் கழுவ நிரப்பி வைத்த பேசினில் இரண்டு குஞ்சுகளும் இறங்கி நீந்திக்கொண்டிருந்தன. கோழி, சிறகை விரித்து, பேசினைச் சுற்றிச் சுற்றி ஓடி ஊரைக் கூட்டியது. அதற்குள் ஓடிப்போயிருந்த அபிஷா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாத, அது வாத்தாக்கும். நாங்க முன்னமே சொல்லியிருக்கணும்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். லிபின் ஓடினான். எல்லோரும் ஓடினார்கள். எச்.எம். தன் அறையிலிருந்து ஓடினார். நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

உன் அம்மா